தாராப்பூர்: அறுபதும் ஒன்பதும்

டாங்குச் சண்டையைப் பத்தி தமிழ்ல யார் பதிவு போட்டாலும் ரெண்டாவது பாராவுக்குள்ள ரோமல் வந்துடுவார். பாலைவன நரி, ஆப்பிரிக்கா, எல் அலமெய்ன், கடைசியில் ஹிட்லர் அனுப்பிவெச்ச விஷம். கொஞ்சம் ஆழமாப் போறவங்க குடேரியனைத் தொடுவாங்க. இன்னும் உள்ளே போறவங்க மிக்கேல் விட்மன்கிட்ட வந்து நிப்பாங்க. 1944 ஜூன் 13, பிரான்சில் வில்லே-பொக்காஜ்னு ஒரு சின்ன ஊர். டைகர் டாங்கோட உள்ளே புகுந்து சில நிமிஷத்துல ஒரு பிரிட்டிஷ் அணிவகுப்பையே கலைச்ச கதை. அவர் கணக்கில் 130-க்கும் மேல டாங்குகள்னு எழுதுவாங்க. ரெண்டே மாசத்துல, ஆகஸ்ட் 8-ம் தேதி அவரும் செத்துப்போனார். கதை என்னமோ விறுவிறுப்பாத்தான் இருக்கும். ஆனா அவர் சட்டையில் எஸ்.எஸ். முத்திரை இருந்ததை மட்டும் முக்கால்வாசிப் பேர் ஒரே வரியில் தாண்டிடுவாங்க.

எனக்கு உறுத்துறது இன்னொண்ணு. அந்த 130. ஒரு டாங்குத் தளபதின்னா எத்தனை அடிச்சார்னு மட்டும் கேக்குறோம், கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி. அதைத் தவிர அவர்கிட்ட கேக்க வேற ஒண்ணுமே இல்லையா?

கேக்கலாம்னு நினைக்கிறேன். அதுக்கு ஜெர்மனி வரைக்கும் போகத் தேவையில்லை. நம்ம ராணுவத்துலயே ஒரு ஆள் இருக்கார். லெப்டினன்ட் கர்னல் அர்தேஷிர் புர்ஜோர்ஜி தாராப்பூர். (தாராபுரம் இல்லீங்க, தாராப்பூர். தாராபுரத்துக்காரங்க மன்னிக்கவும்!) படையில் எல்லாரும் செல்லமா 'ஆதி'ன்னு கூப்பிடுவாங்க. 1965 இந்திய பாகிஸ்தான் போரில் பரம்வீர் சக்ரா வாங்கினவங்க மொத்தமே ரெண்டு பேர். ஒருத்தர் அப்துல் ஹமீது. ஜீப்பில் ஏத்தின பீரங்கியை வெச்சு பேட்டன் டாங்குகளை அடிச்ச அவரைப் பத்தி நிறையப் பேருக்குத் தெரியும். இன்னொருத்தர்தான் தாராப்பூர்.

கையில் வெடிச்ச குண்டு

தாராப்பூர் பார்சிக்காரர். 1923 ஆகஸ்ட் 18-ல் பம்பாயில் பிறந்தவர். படிச்சது புனேயில். இரண்டாம் உலகப்போர் நடந்துக்கிட்டிருந்த சமயத்தில் ஹைதராபாத் நிஜாமோட படையில் சேர்ந்தார். அப்போ அது தனி சமஸ்தானம், தனிப் படை. ஆனா அவருக்குக் கிடைச்சது காலாட்படை. மனசு பூரா டாங்குப் படை மேல.

ஒருநாள் கையெறிகுண்டு வீசுற பயிற்சி. ஒரு சிப்பாய் பதட்டத்துல சரியா வீசலை. குண்டு எறிகுழிக்குள்ளயே விழுந்துடுச்சு. பின்னை உருவினதுக்கப்புறம் நாலஞ்சு வினாடிதான். தாராப்பூர் குழிக்குள்ள குதிச்சு, அதை எடுத்து வெளியே வீசினார். கையை விட்டுப் போன கணத்துலயே வெடிச்சது. நெஞ்சு பூரா சிதறல் பாய்ஞ்சது. அன்னிக்கு அங்கே இருந்து பார்த்துக்கிட்டிருந்தவர் ஹைதராபாத் படைகளின் தலைமைத் தளபதி மேஜர் ஜெனரல் எல் எத்ரூஸ். உடம்பு தேறினதும் கூப்பிட்டுப் பாராட்டினார். தாராப்பூர் அந்தச் சந்தர்ப்பத்தை விடலை. என்னை டாங்குப் படைக்கு மாத்துங்கன்னு கேட்டுட்டார். அப்படித்தான் ஹைதராபாத் லான்ஸர்ஸ் படைப்பிரிவுக்குப் போனார். அதோட போய் மேற்கு ஆசியாவில் உலகப்போரையும் பார்த்தார்.

சிவகாசிப் பக்கம் இருக்குறவங்களுக்கு இந்தக் காட்சியை விளக்கவே வேண்டாம். திரி பத்தின வெடி எப்ப வெடிக்கும்னு எங்க ஊர்ச் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். மருந்து அறையில் புகை கண்டா வெளியே ஓடணும், திரும்பிப் பார்க்கக் கூடாது. அதுதான் இங்கே முதல் பாடம். ஆனாலும் உள்ளே ஓடுறவங்க இருக்காங்க. 2012 செப்டம்பர் 5-ம் தேதி முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை விபத்தில் செத்தவங்களில் பல பேர் அங்கே வேலை செஞ்சவங்களே இல்லை. புகையைப் பார்த்து அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஓடி வந்தவங்க. அதில் காப்பாத்தலாம்னு வந்தவங்களும் உண்டு. அவங்க கணக்கை யாரும் வீரம்னு எழுதி வெக்கலை. தாராப்பூரோட அந்த நாலு வினாடியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அவங்க ஞாபகம்தான் வரும். எதிரியே இல்லாத இடத்துல, பேர் தெரியாத ஒரு சிப்பாய்க்காக எடுத்த முடிவு அது. அவரோட ராணுவ வாழ்க்கையின் முதல் முக்கியமான சம்பவமே ஒரு உயிரைக் காப்பாத்தினதுதான்.

எதிர்ப்பக்கம் இருந்தவர்

இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச திருப்பம் 1948-ல் இருக்கு. அந்த வருஷம் செப்டம்பர் 13-ம் தேதி இந்திய ராணுவம் ஹைதராபாத்துக்குள் நுழைஞ்சது. 'ஆபரேஷன் போலோ'. வல்லபாய் படேல் பேரோட சேர்த்துப் பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. உள்ளே போனது முதலாவது கவசப் படை டிவிஷன். அதை நடத்தினவர் மேஜர் ஜெனரல் ஜே.என். சௌத்ரி. அஞ்சே நாளில் முடிஞ்சுபோச்சு. நிஜாம் படை சார்பில் சௌத்ரிகிட்ட சரணடைஞ்சவர் யார் தெரியுமா? அதே எல் எத்ரூஸ். தாராப்பூரை டாங்குப் படைக்கு அனுப்பிவெச்ச அதே தளபதி.

தாராப்பூர் அப்போ தோத்த படையின் அதிகாரி. பிறகு ஹைதராபாத் படைகளை இந்திய ராணுவத்தோட இணைச்சாங்க. 1951 ஏப்ரல் 1-ம் தேதி அவர் பூனா ஹார்ஸ் என்கிற 17-வது குதிரைப்படைக்கு மாற்றப்பட்டார். (குதிரை எல்லாம் பேர்ல மட்டும்தான். 1817-ல் குதிரைப்படையா ஆரம்பிச்சது. பிறகு குதிரைக்குப் பதிலா டாங்கு வந்தாலும் பேரை மாத்தலை.)

1965-க்கு வாங்க. அந்த ரெஜிமென்ட்டுக்கே தளபதி தாராப்பூர்தான். ரெஜிமென்ட் இருந்தது முதலாவது கவசப் படை டிவிஷனில். ராணுவத் தலைமைத் தளபதி ஜெனரல் ஜே.என். சௌத்ரி. பதினேழு வருஷம் முன்னாடி தன் படையை முறியடிச்ச டிவிஷன், முறியடிச்ச தளபதி. இப்போ அதே டிவிஷனோட முன்னணி ரெஜிமென்ட்டை நடத்திக்கிட்டுப் போறார் இந்த மனுஷன்! தோத்துப்போன படையின் அதிகாரிகளை ஒரு நாடு எப்படி நடத்தணும்னு யாராவது கேட்டா நான் இதைத்தான் சொல்லுவேன். ஓரங்கட்டியிருந்தா 1965-ல் ஃபில்லோராவுக்கு வேற யாரோதான் போயிருப்பாங்க.

ஒரு அறைக்கு நாலு பேர்

சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி டாங்குக்குள்ள ஒரு எட்டு பார்த்துடுவோம்.

பூனா ஹார்ஸ் அப்போ வெச்சிருந்தது பிரிட்டனில் செஞ்ச செஞ்சூரியன் டாங்கு. எடை ஏறக்குறைய 50 டன். உள்ளே நாலு பேர். ஓட்டுறவர் முன்னாடி. சுடுறவர், குண்டு நிரப்புறவர், கமாண்டர் மூணு பேரும் சுழல் கோபுரத்துக்குள்ள. சுத்தி டஜன் கணக்கில் பீரங்கிக் குண்டுகள் அடுக்கியிருக்கும். எங்க ஊர்ப் பட்டாசு ஆலைகளில் வேலை நடக்குற அறைகளில் பொதுவா நாலு பேருக்கு மேல உக்காரக் கூடாதுன்னு விதி. ஓட வசதியா வாசல்களும் இருக்கணும். டாங்கும் மருந்து நிரம்பின ஒரு நாலு பேர் அறைதான். வாசல்தான் ரொம்பச் சின்னது. வெளியே இருக்கிறவன் உள்ளே நெருப்பு வெக்கத் துடிச்சுக்கிட்டு இருப்பான்.

கமாண்டர் பாடு இன்னும் கஷ்டம். மேல் மூடியைச் சாத்திக்கிட்டா உயிருக்குப் பாதுகாப்பு. ஆனா சின்னக் கண்ணாடிப் பட்டை வழியா பார்க்கணும். புழுதி, புகை, அசைவு. பாதி தெரியாது. மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்டினா சுத்துவட்டாரம் மொத்தமும் தெரியும். ஆனா எதிரிக்கு உங்க தலையும் தெரியும். எவன் முதலில் பார்த்து முதலில் சுடுறானோ அவன்தான் பிழைப்பான்ங்கிறதால அந்தக் காலத்துல நல்ல கமாண்டர்கள் தலையை வெளியே வெச்சுத்தான் சண்டை போட்டாங்க. விட்மனும் சரி, தாராப்பூரும் சரி. எந்த நாட்டுக் கமாண்டரா இருந்தாலும் இந்தக் கஷ்டத்துல மட்டும் சமம்.

ரெஜிமென்ட் தளபதிக்கு இதுக்கு மேல ஒரு வேலை. தன் டாங்கையும் பார்க்கணும், பரந்து கிடக்குற மூணு ஸ்குவாட்ரனையும் வயர்லெஸ்ஸில் நடத்தணும். அந்தக் குரல் நின்னா படையே தடுமாறும்.

ஃபில்லோராவிலிருந்து சாவிண்டா

1965 செப்டம்பர் 1-ம் தேதி பாகிஸ்தான் டாங்குகள் ஜம்முவில் சாம்ப் பகுதிக்குள் வந்தன. 6-ம் தேதி இந்தியா லாகூர்ப் பக்கம் எல்லையைத் தாண்டியது. 8-ம் தேதி சியால்கோட் பக்கம் முதலாவது கவசப் படை டிவிஷன் உள்ளே இறங்கியது. வழியில் ஃபில்லோரா, அதைத் தாண்டி ரயில் பாதையில் இருக்கிற சாவிண்டா. ரெண்டு ஊருக்கும் நடுவே சிவகாசிக்கும் சாத்தூருக்கும் உள்ள தூரம்கூடக் கிடையாது. அந்தச் சின்ன இடத்துலதான் ரெண்டாம் உலகப்போருக்கு அப்புறம் நடந்த பெரிய டாங்குச் சண்டைகளில் ஒண்ணு நடந்தது. எதிரே இருந்தது அமெரிக்கா கொடுத்த பேட்டன் டாங்குகள். அன்னைய தேதிக்கு நவீன சரக்கு.

செப்டம்பர் 11. ஃபில்லோராவைப் பிடிக்கிறதுக்கான தாக்குதல். ஃபில்லோராவுக்கும் சாவிண்டாவுக்கும் நடுவே இருந்த பூனா ஹார்ஸ் மேல வஸீர்வாலிப் பக்கத்திலிருந்து கனரக டாங்குகள் பாய்ஞ்சன. தாராப்பூர் பின்வாங்கலை. அந்த அடியையும் தாங்கிக்கிட்டு, டாங்கு குண்டுக்கும் பீரங்கி குண்டுக்கும் நடுவே ஒரு ஸ்குவாட்ரனை வெச்சு ஃபில்லோராவைத் தாக்கினார். ஊர் அன்னிக்கே விழுந்தது. அவருக்குக் காயம். பின்னாடி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னாங்க. மாட்டேன்னுட்டார்.

14-ம் தேதி வஸீர்வாலி பிடிபட்டது. 16-ம் தேதி ஜஸ்ஸோரான், பூட்டுர் தோக்ராண்டி. காயத்தோடயே முன்னாடி நின்னார். அவர் டாங்கு பல தடவை அடி வாங்கியது. சாவிண்டாவைப் பின்பக்கமிருந்து காலாட்படை தாக்கணும்னா இந்த ரெண்டு இடமும் கையில் இருந்தாகணும். அதனால் நகராம நின்னார். அன்னிக்குத்தான் அவருக்கு அந்தக் கடைசிக் காயம். வயசு 42. அவர் குரல் நின்னப்புறமும் ரெஜிமென்ட் கலையலை, தொடர்ந்து நின்னது. அதே பூட்டுர் தோக்ராண்டியில் கூடச் சண்டை போட்ட 8-வது கட்வால் ரைஃபிள்ஸ் காலாட்படையின் தளபதி லெப்டினன்ட் கர்னல் ஜிராத்தும் உயிரை விட்டார். ஒருத்தர் பார்சி, இன்னொருத்தர் யூதர். அவங்க கூட நின்னவங்க கட்வால் மலைக்காரங்களும் ராஜஸ்தான்காரங்களும்.

தாராப்பூர் தன் துணைத் தளபதி மேஜர் சீமாகிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிருந்தாராம். நான் போயிட்டா போர்க்களத்துலயே எரிச்சிடுங்க. பிரார்த்தனைப் புத்தகம் அம்மாவுக்கு. பேனா என் மகனுக்கு. பார்சிகளுக்கு உடம்பை எரிக்கிறது மரபு கிடையாது. அமைதி கோபுரத்துல வெப்பாங்க. ஆனாலும் கூட நின்ன சிப்பாய்களுக்கு என்ன நடக்குமோ அதுவே தனக்கும் போதும்னு நினைச்சிருக்கார்னுதான் நான் எடுத்துக்கிறேன். அவர் கேட்டபடியே ஜஸ்ஸோரானில் எரிச்சாங்க.

அந்த ரெண்டு எண்

பரம்வீர் சக்ரா விருதுக் குறிப்பில் ரெண்டு எண் இருக்கு. பூனா ஹார்ஸ் அழிச்ச எதிரி டாங்குகள் ஏறக்குறைய 60. தன் பக்கம் இழந்தது 9.

போர்க்கால எண்களை ரெண்டு பக்கமும் வேற வேற மாதிரி எழுதுவாங்க. பாகிஸ்தானில் சாவிண்டாவைத் தங்களோட வெற்றியா கொண்டாடுறாங்க. அதுக்குக் காரணமும் இருக்கு. பூனா ஹார்ஸ் உயிரைக் கொடுத்துப் பிடிச்சு வெச்ச இடத்தைப் பயன்படுத்த வேண்டிய காலாட்படைத் தாக்குதல் உரிய நேரத்துல வரலை. 18-ம் தேதி ராத்திரி அது நடந்தப்போ தோத்துப்போச்சு. சாவிண்டா கடைசி வரைக்கும் நம்ம கைக்கு வரலை. 23-ம் தேதி போர் நிறுத்தம். 1966 ஜனவரி 10-ம் தேதி தாஷ்கண்ட் ஒப்பந்தம். பிடிச்ச இடமெல்லாம் திருப்பிக் கொடுத்தாச்சு. தாராப்பூரை எரிச்ச மண் இன்னிக்குப் பாகிஸ்தானில்தான் இருக்கு.

அப்போ அந்த 60 வீணா? ஸ்கோர் போர்டை மட்டும் பார்த்தா பதில் கிடைக்காது. 60 அடிச்சும் ஊர் கிடைக்கலையேன்னு ஒருத்தர் சொல்லலாம். ஊர் கிடைக்கலைன்னாலும் பாகிஸ்தானோட டாங்குப் பலம் அங்கே உடைஞ்சுதேன்னு இன்னொருத்தர் சொல்லலாம். ரெண்டுலயும் நியாயம் இருக்கு.

எனக்கு அந்த 9 தான் பெரிசாத் தெரியுது. ஆறு நாள் சண்டை. எதிரே நவீன டாங்கு. டாங்குக்கு நாலு பேர். 9-ங்கிறது 20 ஆகியிருக்கலாம், 30 ஆகியிருக்கலாம். தளபதி அவசரப்பட்டு மோதவிட்டிருந்தா, காயத்தோட பின்னாடி போயிருந்தா, வயர்லெஸ்ஸில் அந்தக் குரல் பதறியிருந்தா என்ன ஆகியிருக்கும்? 60-ஐ அடிக்கிறதுக்குக் குறி பார்க்கத் தெரிஞ்ச சுடுறவங்க வேணும். 9-லயே நிறுத்துறதுக்கு, தன் ஆள் மேல் அக்கறை இருக்கிற தளபதி வேணும். எறிகுழிக்குள்ள குதிச்சவருக்கு அந்த அக்கறை இருந்ததில் ஆச்சரியம் இல்லை.

ஒரு தளபதி போனப்புறம் அவர் படை எப்படி இருக்குங்கிறதும் ஒரு அளவுகோல்தான். 1971 டிசம்பர் 16, பஸந்தர் நதிச் சண்டை. அதே பூனா ஹார்ஸ். 21 வயசு செகண்ட் லெப்டினன்ட் அருண் கேத்தர்பால். தீப்பிடிச்ச டாங்கை விட்டு இறங்குன்னு வயர்லெஸ்ஸில் உத்தரவு. பீரங்கி இன்னும் வேலை செய்யுதுன்னு சொல்லி இறங்க மறுத்து உயிரை விட்டார். அவருக்கும் பரம்வீர் சக்ரா. ஆறே வருஷத்துல ஒரே ரெஜிமென்ட்டுக்கு ரெண்டு. தாராப்பூர் காயத்தோட பின்னாடி போகாததை அந்த ரெஜிமென்ட்டில் புதுசா வர்ற ஒவ்வொரு அதிகாரிக்கும் சொல்லாம இருந்திருப்பாங்களா என்ன?

விருதுநகர்க்காரர் ஒருத்தர்

எங்க மாவட்டத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கிறவங்களுக்கு ஒரு குட்டித் தகவல். 1965-ல் தாராப்பூர் ஏறிப் போனது வெளிநாட்டு டாங்கு. உதிரி பாகத்துக்குக்கூட பிரிட்டனைப் பார்த்துக்கிட்டு இருக்கணும். அந்த நிலைமையை மாத்த 1960-களின் தொடக்கத்தில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. அப்போ முதலமைச்சர் விருதுநகர்க்காரரான காமராஜர். சண்டை நடந்த 1965-ல் அவர் காங்கிரஸ் தலைவர். அந்த வருஷம் டிசம்பர் மாசம், தாராப்பூர் போய் மூணு மாசத்துல, ஆவடியிலிருந்து முதல் விஜயந்தா டாங்கு வெளியே வந்தது. டிசைன் பிரிட்டனோட விக்கர்ஸ் கம்பெனியுதுதான். ஆனா செஞ்ச கை நம்மூர்க் கை. பின்னாடி அர்ஜுன் டாங்கு வந்ததும் அதே ஆவடியிலிருந்துதான்.

2023 ஜனவரியில் அந்தமானில் பேரில்லாத 21 தீவுகளுக்கு பரம்வீர் சக்ரா வாங்கின 21 பேரோட பேரை வெச்சாங்க. அதில் ஒண்ணு தாராப்பூர் தீவு. ஜஸ்ஸோரான் மண்ணுக்கு நாம போக முடியாது. கடல் நடுவில் அவர் பேரில் ஒரு துண்டு மண்ணாவது இருக்கு.

அடுத்த தடவை யாராவது விட்மன் எத்தனை டாங்கை அடிச்சார்னு பதிவு போட்டா, நான் பின்னூட்டத்துல ஒரே ஒரு கேள்விதான் கேக்கப் போறேன்: அவர் எத்தனை பேரைப் பத்திரமா வீட்டுக்கு அனுப்பினார்? சண்டை வேணாங்க, சும்மா கேப்போம். உங்க ஊரில் செஞ்சூரியனோ விஜயந்தாவோ ஓட்டின பழைய ராணுவக்காரர் யாராவது இருந்தா, அவர்கிட்ட அந்தக் கோபுரத்துக்குள்ள உக்காந்த கதையைக் கேட்டு எழுதுங்க மக்களே. அவங்க இருக்கும்போதே கேட்டாத்தான் உண்டு.